முகத்தைப் பார்க்காதீங்க, முதுகுக்குப் பின்னாலே பாருங்க!

பரண்மேல் தூங்கும் பழைய சென்னை

பழைய போட்டோ ஒன்று கையில் கிடைத்தால் எல்லோரும் முதலில் தேடுவது தங்கள் முகத்தைத்தான். "அடேயப்பா, எவ்வளவு ஒல்லியா இருந்திருக்கேன்!" என்று ஒரு பெருமூச்சு. அடுத்து அப்பா முகம், அம்மா முகம். அதோடு படம் மறுபடியும் டிரங்குப் பெட்டிக்குள் போய்விடும்.

ஆனால் யாருமே எடுக்க நினைக்காத ஒன்று அந்தப் படத்தில் பின்னால் சும்மா நின்றுகொண்டிருக்கும். அதுதான் சென்னை!

ஒரு குடும்பம் ரோட்டோரம் நிற்கிறது. அப்பா கோட்டு போட்டிருக்கிறார். பையன் தொப்பி வைத்திருக்கிறான். போட்டோ பிடித்தவருக்கு அவர்கள்மேல்தான் கண். ஆனால் படத்தின் ஓரத்தில், பாதி உடம்பு மட்டும் தெரியும்படி ஒரு டிராம் வண்டி போகிறது. பையனைப் பற்றி இன்று யாருக்கும் அக்கறை இல்லாமல் இருக்கலாம். அந்தப் பாதி டிராமுக்காக அந்தப் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள ஆள் இருக்கிறது.

கண்டுபிடிக்கலாம் வருஷத்தை!

படத்தின் பின்புறம் தேதி எழுதும் பழக்கம் நம் வீடுகளில் ரொம்பக் குறைவு. "அது எப்போ எடுத்தது?" என்று கேட்டால், "உங்க சித்தப்பாவுக்கு மொட்டை அடிச்ச வருஷம்" என்று பதில் வரும். சித்தப்பாவுக்கு எப்போது மொட்டை அடித்தார்கள் என்பது சித்தப்பாவுக்கே தெரியாது.

பரவாயில்லை. முதுகுக்குப் பின்னால் பார்த்தால் வருஷம் தானாக அகப்படும்.

சென்னையில் டிராம் 1895-இல் ஓடத் தொடங்கியது. 1953 ஏப்ரலில் நின்றது. ஆகவே டிராம் ஓடுகிற படம் 1953-க்கு இந்தப் பக்கம் வர முடியாது. மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டடம் நிமிர்ந்து நிற்கிறதா? அது 1959-இல் திறந்த 14 மாடி. வெளியூர்க்காரர்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டுப் போன கட்டடம். ஜெமினி பக்கம் மேம்பாலம் இல்லாமல் வெறும் வானம் தெரிந்தால் 1973-க்கு முந்தியது. மனிதனை மனிதன் இழுக்கும் கை ரிக்ஷா தெரிந்தாலும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். அதை ஒழிக்க அரசு உத்தரவு போட்டதும் 1973-இல்தான்.

பஸ்ஸின் விலாவில் "பல்லவன்" என்று எழுதியிருந்தால் 1972-க்குப் பிந்தியது. மொட்டை மாடியில் மீன் முள் மாதிரி ஆன்டெனா நின்றால் 1975 ஆகஸ்டுக்குப் பிந்தியது. சென்னை டெலிவிஷன் நிலையம் அப்போதுதான் வந்தது. வெள்ளிக்கிழமை "ஒளியும் ஒலியும்" பார்க்க, அந்த ஆன்டெனா உள்ள வீட்டுக்கு முன்னால் தெருவே செருப்பைக் கழற்றிப் போட்டதெல்லாம் அந்தக் காலம்!

சென்ட்ரல் பக்கம் சிவப்புக் கட்டடமாக மூர் மார்க்கெட் நிற்கிற படம் வீட்டில் இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். 1900-இல் திறந்த அந்த மார்க்கெட்டைத் தீ தின்றது 1985 மே மாதக் கடைசியில். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கிளி, முயல், ஓடாத கடிகாரம் என்று கிடைக்காத சாமானே இல்லாத இடம். அங்கே தினமும் ஆயிரக்கணக்கான ஜனங்கள் பேரம் பேசினார்கள். பேரம் பேசுகிறவர்களை நிறுத்தி வைத்து யார் போட்டோ எடுத்தார்கள்?

பன்னிரண்டே படம்!

எடுக்காததற்குக் காரணம் உண்டு. காசு!

எழுபதுகளில் நடுத்தர வீட்டுக்கு வந்த கேமரா பெரும்பாலும் "அக்பா கிளிக் த்ரீ". பரோடாவில் தயாரானது. அதில் ஒரு சுருள் போட்டால் 12 சதுரப் படம். பதின்மூன்றாவது கிடையாது. சுருள் வாங்க ஒரு செலவு, கழுவ ஒரு செலவு, பிரிண்டு போட ஒரு செலவு. நம்ம ஊட்டியிலேயே இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 1967-இல் உற்பத்தி தொடங்கி, "இந்து" என்ற பெயரில் பிலிம் வந்தது. அந்த ஆலையும் இப்போது மூடிக்கிடக்கிறது.

பன்னிரண்டு படத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்காரர் எதை எடுப்பார்? மகாபலிபுரம் போனபோது இரண்டு, பொங்கலுக்கு இரண்டு, புது ஸ்கூட்டருக்கு ஒன்று, குழந்தைக்கு நாலு. மீதி மூன்றை அடுத்த விசேஷத்துக்கு என்று வைத்துக்கொண்டு, கேமராவைப் பீரோவில் பூட்டிவிடுவார். ஆறு மாதம் கழித்து அந்தச் சுருளைக் கழுவினால் பொங்கலும் தீபாவளியும் ஒரே சுருளில் அடுத்தடுத்து வரும்.

இதற்கு நடுவில் ரேஷன் கடை வரிசையை எடுப்பாரா? கார்ப்பரேஷன் குழாயடியில் நள்ளிரவில் வரிசை கட்டிய குடங்களை எடுப்பாரா? "பிலிமை வேஸ்ட் பண்றியே, உனக்கு மூளை இருக்கா?" என்று வீட்டில் கேட்டிருப்பார்கள். அம்மி, ஆட்டுக்கல், மண்ணெண்ணெய் ஸ்டவ், அடி பம்பு, பால் பூத்தில் காத்திருந்த பாட்டில்கள் எல்லாம் தினசரி கண்ணெதிரே இருந்தவை. தினசரி இருப்பதை யாரும் படம் பிடிக்கவில்லை. அதனாலேயே இன்று அவை இல்லை, அவற்றின் படமும் இல்லை.

இது நேற்றைய கதை அல்ல. 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி, சென்னை ராஜதானி அரசுக்காக மதுரையையும் தஞ்சாவூரையும் படம் பிடித்தார். கோபுரமும் மண்டபமும் அப்படியே நிற்கின்றன. நடமாடிய ஜனங்களைத்தான் காணோம்! ஒரு படத்துக்கு அவ்வளவு நேரம் திறந்து வைக்க வேண்டிய கேமரா. நடந்து போனவன் படத்தில் விழவே மாட்டான். அன்றிலிருந்தே நகராதவனுக்குத்தான் போட்டோ!

பவுடர் முகம், பிளாஸ்டிக் பூ

கேமரா இல்லாதவர்களுக்கு ஸ்டுடியோ. அது ஒரு திருவிழா. காலையிலேயே தலைக்குக் குளியல். பெட்டியிலிருந்து பட்டுப் புடவை. முகத்தில் குட்டிக்கூரா பவுடர் வெள்ளை அடித்த மாதிரி. வெயிலில் நடந்தால் கரையுமே என்று அன்றைக்கு மட்டும் ரிக்ஷா.

உள்ளே போனால் சுவரில் சீலை. அதில் வரைந்த மாளிகைப் படிக்கட்டு, அன்னம் நீந்தும் குளம். பக்கத்தில் ஒரு முக்காலி, அதன்மேல் பிளாஸ்டிக் பூ. வேண்டியவர்கள் கையில் வைத்துக்கொள்ள ஒரு டெலிபோன், அல்லது டிரான்சிஸ்டர் ரேடியோ. எந்த லைனோடும் சேராத டெலிபோன்தான். ஆனால் அதைக் காதில் வைத்து நின்றவர் முகத்தில் ஜில்லா கலெக்டர் தோற்றுப்போவார்!

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு போட்டோகிராபர், "ஆடாதீங்க... தலையைக் கொஞ்சம் தூக்குங்க... ரெடி!" என்பார். மூச்சை அடக்கிக்கொண்டு எல்லோரும் விறைப்பார்கள். பழைய படங்களில் யாரும் சிரிப்பதில்லையே, சந்தோஷமே இல்லையா என்று இன்றைய பிள்ளைகள் கேட்கிறார்கள். சந்தோஷம் இருந்தது. சிரித்தால் ஆடிவிடுமே என்ற பயமும் இருந்தது.

மூன்று பேராக நிற்கக் கூடாது என்று ஒரு பாட்டி தடுப்பார். "நாலாவதா அந்தக் குழந்தையையும் நிறுத்து" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை உள்ளே இழுக்கப்படும். பல குடும்பப் படங்களில் யார் என்றே தெரியாமல் நிற்கும் அந்தக் குழந்தை இப்படி வந்ததுதான்.

வளைகாப்பு, சீமந்தம் என்றால் தனிப் படம். தைத்த பூ ஜடை தெரிய வேண்டும், முகமும் தெரிய வேண்டும். ஒரே படத்தில் இரண்டும் எப்படி? கண்ணாடி! பெண்ணை ஒரு நிலைக் கண்ணாடிக்கு முன்னால் சாய்த்து உட்கார வைத்தால் இந்தப் பக்கம் முகம், கண்ணாடிக்குள்ளே ஜடை. தமிழ்நாட்டு ஸ்டுடியோக்காரர்களின் கைவண்ணம் இது. இந்தப் படம் இல்லாத பழைய ஆல்பம் குறைவு.

மூன்றாவது வரிசை அம்மா

பல வீடுகளின் கூடத்தில் மாலை போட்டு ஒரு அம்மா படம் தொங்குகிறது. குங்குமம் கலர் பூசியிருக்கும். கண்ணும் புருவமும் பென்சிலால் திருத்தியிருக்கும். அந்தப் படத்தின் கதை தெரியுமா?

அம்மாவைத் தனியாக யாரும் படம் எடுத்திருக்க மாட்டார்கள். அவர் அடுப்படியை விட்டு வந்ததே இல்லை. "எனக்கு எதுக்குப்பா போட்டோ?" என்று ஒதுங்கியவர். அவர் கண்ணை மூடிய மறுநாள்தான் வீடு முழுக்கத் தேடுவார்கள். கடைசியில் யாரோ ஒரு ஒன்றுவிட்ட தங்கையின் கல்யாணக் குரூப் போட்டோவில், மூன்றாவது வரிசையில், ஒருவர் தோளுக்குப் பின்னால் பாதி முகமாக அவர் அகப்படுவார்.

அதை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு ஓடுவார்கள். நகம் அளவு முகம். அதைப் பெரிசாக்கி, மறைத்த தோளை அழித்து, இல்லாத காதை வரைந்து, பத்தாம் நாளுக்குள் சட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்தக் கால ஸ்டுடியோக்காரர் அதைச் செய்து கொடுத்தார். பிள்ளைகள் "அம்மா மாதிரியே இருக்கு" என்றார்கள். வேறு என்ன சொல்ல முடியும்?

ஒரு குடும்பமே கும்பிடும் முகம் அந்த ஒரு குரூப் போட்டோவிலிருந்து பிறந்தது. அந்தக் குரூப் போட்டோ எங்கே என்று கேட்டால் இன்று யாருக்கும் தெரியாது.

சிவந்துபோன கல்யாணம்

இன்னொரு விசித்திரம். 1955-இல் நடந்த தாத்தா கல்யாணப் படம் கருகருவென்று அப்படியே இருக்கிறது. 1983-இல் நடந்த மகன் கல்யாணக் கலர் படம் செக்கச்செவேல் என்று வெளிறிப்போய்விட்டது. கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது வெள்ளி. நன்றாகக் கழுவிய படமானால் அது லேசில் போகாது. கலர் படத்தில் இருப்பது சாயம். அதில் பச்சையும் நீலமும் முதலில் ஓடிவிட, சிவப்பு மட்டும் நிற்கும். அதோடு, பசைப் பக்கத்தில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் தாள் மூடும் ஆல்பம் ஒன்று அந்நாளில் நாகரிகமாக வந்ததே, படத்துக்கு அது எமன். பிரிக்கப் போனால் படம் கிழிந்து வரும்.

அந்த வெள்ளிதான் பல ஸ்டுடியோக்களின் பழைய நெகட்டிவ்களுக்கும் எமனாக வந்தது. கடையை மூடியபோது நெகட்டிவ்கள் வெள்ளி எடுக்க எடைக்குப் போயின. கண்ணாடி நெகட்டிவ்களைச் சுரண்டிக் கழுவி, கண்ணாடியை வேறு படத்துக்குச் சட்டம் போட உபயோகித்ததும் உண்டு. ஒரு ஊரின் மூன்று தலைமுறை முகம் அப்படிச் சாக்கடையில் போனது.

தப்பியதும் உண்டு. பாண்டிச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடிப் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தது. வெளிநாட்டுக்காரன் நம்ம பாட்டியைப் பத்திரப்படுத்துகிறான். நாம் பரணை ஒழிக்கிறோம்!

2015 டிசம்பரில் அடையாறு பெருகி வந்தபோது தரைத்தள வீடுகளில் நகை, பத்திரங்களை மேலே ஏற்றினார்கள். ஆல்பம் கீழ்த் தட்டிலேயே இருந்துவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் நாற்பது வருஷம் ஒரே கட்டியாக ஒட்டிக்கிடந்தது. அவசரத்தில் பிய்த்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி, தானாகப் பிரிய விட்டு, முகம் மேலே பார்க்க நிழலில் உலர்த்தினால் பல படங்கள் பிழைத்திருக்கும். வெயிலில் காயப்போட்டால் சுருண்டுவிடும்.

பாட்டி இருக்கும்போதே கேளுங்க!

படம் இருந்தாலும் பெயர் இல்லையென்றால் பாதிதான். "இந்த மீசைக்காரர் யாரு?" என்று கேட்டால் சொல்லக்கூடிய ஒரே ஆள் வீட்டுப் பாட்டி. அவருக்கு மத்தியானம் சாப்பிட்டது மறந்திருக்கும். 1962-இல் அந்த மீசைக்காரர் யாரோடு சண்டை போட்டார் என்பது மறந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். படத்தின் பின்னால் பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் மை முன்பக்கம் இறங்கும், கோடும் விழும். பெயர், ஊர், தெரு. பின்னால் தெரிவது எந்தக் கடை, எந்தப் பஸ் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்காத வீடுகளின் படம் எங்கே போகிறது? காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளைச் சுற்றினால் தெரியும். பெரிய பெரிய குடும்பப் படங்கள் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கும். நடுவில் தாத்தா, இரண்டு பக்கமும் மகன்கள், கீழே சப்பணம் போட்ட பேரன்கள். வருகிறவர்கள் குனிந்து தட்டிப் பார்க்கிறார்கள். அசல் தேக்கா என்று கேட்கிறார்கள். விலை பேசுவது சட்டத்துக்குத்தான்.