பத்துக்குப் பத்து அறையில் ஒரு பேஸ் கிடார்

கொங்கு நாட்டுத் தோட்டம் ஒன்றின் மோட்டார் ரூமுக்குள் எட்டிப் பாருங்கள். கிணற்றுத் தண்ணீரை இழுத்து வாய்க்காலில் கொட்டும் மோனோபிளாக் பம்பின் பெயர்த்தகட்டில் பெரும்பாலும் 2880 ஆர்.பி.எம். அல்லது அதையொட்டிய ஓர் எண் பொறித்திருக்கும். நிமிடத்துக்கு 2880 சுற்று என்றால் நொடிக்கு 48. ஓடுகிற மோட்டாரின் மேல் கையை வைத்தால் உள்ளங்கையில் ஏறும் அதிர்வில் இந்த 48-ம் கலந்திருக்கிறது. காதைவிடக் கைக்கு நன்றாகத் தெரிகிற எல்லை அது.

பேஸ் கிடார் குடியிருப்பதும் இந்த எண்ணுக்குப் பக்கத்தில்தான். நான்கு தந்தி பேஸ் கிடாரின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு 41 முறை அதிர்கிறது, அதாவது 41 ஹெர்ட்ஸ். அதே தந்தியில் மூன்றாம் கட்டத்தை அழுத்தினால் 49. கோவைத்தம்பி தயாரித்து 1982-ல் வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படப் பாடல்களைக் கேளுங்கள். இளையராஜாவின் இசையில் பேஸ் கிடார் தாளத்துக்குத் துணை நிற்பதோடு ஓய்ந்துவிடுவதில்லை. பாடகரின் மெட்டுக்குக் கீழே தனக்கென்று ஒரு மெட்டை நடத்திக்கொண்டு போகும். பழந்தமிழ் இசை மரபு சுர மண்டிலங்களை மெலிவு, சமன், வலிவு என்று மூன்றாகப் பிரித்தது. நம் வீட்டுச் சின்ன ஸ்பீக்கர்களில் மெலிவுக்கும் கீழே உள்ள இந்த அடித்தளம் வந்து சேர்வதில்லை.

காரணம் எளிய கணக்கு. ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. அதிர்வெண் பாதியானால், அதே ஒலியழுத்தத்துக்குக் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். 100 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் அசைந்தால் போதும் என்று வைத்துக்கொண்டால், 50-ல் 4 மில்லிமீட்டர், 25-ல் 16. அலமாரித் தட்டில் உட்காரும் ஸ்பீக்கரின் ஐந்து அங்குலக் கூம்புக்கு அவ்வளவு தூரம் போக முடியாது. ஆனாலும் பாட்டு நமக்குப் புரிந்துவிடுகிறது. ஒரு சுரத்தின் மேல் அதிர்வுகளான இருமடங்கும் மும்மடங்கும் காதில் விழுந்தாலே, அடியில் இருக்க வேண்டிய சுரம் எது என்று மூளை ஊகித்துக்கொள்ளும். செல்போனில்கூட பேஸ் மெட்டைப் பின்தொடர முடிவது அதனால்தான். சுரத்தை மூளை தந்துவிடும். அதன் கனத்தைக் காற்றுதான் தர வேண்டும்.

இன்னொரு சிக்கல் நம் காதிலேயே இருக்கிறது. ஒலியளவைக் குறைக்கக் குறைக்க, தாழ்ந்த சுரங்கள் மற்றவற்றைவிட வேகமாகக் காதிலிருந்து நழுவுகின்றன. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-ல் இதை அளந்து வரைபடமாக்கினார்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு மெதுவாக வைத்துக் கேட்கும் பாட்டு சப்பென்று இருப்பதற்கு இதுவே காரணம்.

சின்ன ஸ்பீக்கர்களின் குறையைத் தீர்க்க வந்த கருவிதான் சப்வூஃபர். சிறிய பெட்டியிலிருந்து ஆழ்ந்த ஒலியைப் பெறும் வழியை 1954-ல் எட்கர் வில்சர் காட்டினார். மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே கூம்புக்கு ஸ்பிரிங் ஆக்கினார் அவர். பெட்டியின் அளவுக்கும் கூம்பின் குணத்துக்கும் உள்ள உறவை ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961-லும், ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்திலும் சூத்திரங்களாக்கினார்கள். 1974-ல் ‘எர்த்குவேக்’ படத்துக்காகத் திரையரங்குகளில் ராட்சதப் பெட்டிகளை வைத்து நாற்காலிகளை நடுங்கச் செய்தார்கள். சப்வூஃபர் என்றாலே அதிரடி என்ற எண்ணம் வேரூன்றியதில் சினிமாவுக்குப் பெரிய பங்குண்டு. பாட்டுக்கு வேண்டியதோ இரண்டு ஸ்பீக்கர்களும் விட்டுவைத்த கீழ்ப்பகுதியை இட்டு நிரப்பும் பணிவான துணை.

நான் வாங்கிய பத்து அங்குல சப்வூஃபரை, இடம் இருக்கிறதே என்று அறையின் மூலையில் வைத்தேன். பாட்டைப் போட்டதும் ஸ்டீல் பீரோவின் கதவு நடுங்கியது. பேஸ் மெட்டின் ஒரே ஒரு சுரம் மட்டும் முழங்கியது, அடுத்த சுரம் காணாமல் போனது. ஊரிலிருந்து வந்திருந்த பெரியப்பா சற்று நேரம் கேட்டுவிட்டு, “ஏங்கண்ணு, பாட்டு நல்லாத்தான் இருக்குது. நடுவுல ‘தும்’முனு ஒண்ணு வருதே, அது பாட்டுல இருக்கறதா, இந்த ரூம்பு போடற சத்தமா?” என்றார்.

அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் ஓடுகிறது. 48 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏழு மீட்டரைத் தாண்டும். அப்படிப்பட்ட அலை சின்ன அறைக்குள் எதிரெதிர்ச் சுவர்களில் மோதித் திரும்பி, தன் மேலேயே வந்து விழும். அலையின் பாதி நீளமும் அறையின் நீளமும் ஒன்றானால், அந்தச் சுரம் மட்டும் அறைக்குள் ஊதிப் பெருக்கும். 12 அடி அறைக்கு அது 47 ஹெர்ட்ஸ், 10 அடிக்கு 57.

நம் ஊர் வீடுகளில் ‘பத்துக்குப் பத்து ரூம்’ சர்வசாதாரணம். தளத்தின் உயரமும் பெரும்பாலும் பத்தடி. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே அளவு என்பதால், மூன்று திசையிலும் அதே 57 ஹெர்ட்ஸ்தான் முழங்கும். இசைக்கு இதைவிடக் கடினமான அறை அமைவது அரிது. அறை 10, 12, 15 அடி என்று மாறி மாறி இருந்தால் முழக்கம் 57, 47, 38 என்று மூன்று இடங்களில் பரவி அடங்கும். கான்கிரீட் தளமும் செங்கல் சுவரும் ஆழ்ந்த ஒலியை வெளியே விடாமல் திருப்பி அனுப்புகின்றன. ஓட்டுக் கூரையும் ஆசாரம் என்னும் திறந்த கூடமும் கொண்ட பழைய கொங்கு வீடுகளில் அது கசிந்து போய்விடும். கோயில் திருவிழாவில் வெட்டவெளியில் ஜமாப் மேளம் அடிப்பதைக் கேட்டவர்களுக்கு வித்தியாசம் தெரியும். அடி நெஞ்சில் விழும், விழுந்த கையோடு நிற்கும்.

அறையை இடித்துக் கட்ட முடியாது, பெட்டியை நகர்த்த முடியும். நீங்கள் உட்காரும் நாற்காலியில் சப்வூஃபரைத் தூக்கி வையுங்கள். பேஸ் மெட்டு ஏறி இறங்கும் பாட்டு ஒன்றை ஓடவிட்டு, தரையில் மண்டியிட்டுச் சுவரோரமாக நகர்ந்துகொண்டே கேளுங்கள். எல்லாச் சுரமும் ஒரே அளவாகக் கேட்கும் இடம் எதுவோ, அதுதான் பெட்டிக்கான இடம். எனக்கு அது மூலையிலிருந்து மூன்றடி தள்ளி, ஜன்னலுக்குக் கீழே கிடைத்தது. நாற்காலியையும் அறையின் நட்டநடுவிலிருந்தும் சுவரிலிருந்தும் விலக்கிப் போடுங்கள். நடுவில் பேஸ் வற்றும், சுவரை ஒட்டினால் பெருகும்.

பிறகு கிராஸ் ஓவர் திருகு. எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே சப்வூஃபர் பொறுப்பேற்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. சின்ன ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸ் நல்ல தொடக்கம். அதற்குக் கீழே ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதால் எளிதில் சொல்ல முடியாது என்பதால், ஒரே பெட்டி இரு பக்கத்துக்கும் போதும். 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 14 அடி. நாற்காலியிலிருந்து சப்வூஃபர் ஸ்பீக்கர்களைவிட ஏழடி தள்ளி இருந்தால் ஓர் அலையின் மேடு மற்றொன்றின் பள்ளத்தில் விழுந்து இரண்டும் அழிந்துபோகும். பெட்டியின் பின்னால் ‘ஃபேஸ்’ சுவிட்ச் இருப்பது இதற்காகத்தான். இரண்டு நிலையிலும் போட்டுப் பார்த்து, நாற்காலியில் பேஸ் கூடுதலாகக் கேட்கும் நிலையில் விட்டுவிடுங்கள். சப்வூஃபருக்கென்று தனி இணைப்பு இல்லாத பழைய ஆம்ப்ளிஃபையரா? ஸ்பீக்கர் வயர் மாட்டும் முனையிலிருந்தே இணைப்பு வாங்கிக்கொள்ளும் சப்வூஃபர்கள் கிடைக்கின்றன. இரண்டு கருவிகளுக்கும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து மின்சாரம் கொடுத்தால் ‘உம்ம்’ என்ற மின் இரைச்சல் பெரும்பாலும் வராது.

வசதி இருந்தால், ஒரு பெரிய பெட்டிக்குப் பதில் இரண்டு சிறிய பெட்டிகளை எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைக்கலாம். அறையின் முழக்கத்தை அவை ஒன்றுக்கொன்று சமன்செய்யும் என்பதை ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-ல் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார்.

கடைசியில் ஒலியளவு. இங்கேதான் எல்லோரும் தவறுகிறோம். காசு கொடுத்து வாங்கியது கேட்க வேண்டாமா என்று திருகைக் கூட்டிவிடுகிறோம். சரியாகப் பொருந்திய சப்வூஃபர் தனியாகக் கேட்காது. ஸ்பீக்கர்கள் இரண்டும் திடீரென்று வளர்ந்துவிட்டதுபோல மட்டும் தோன்றும்.

அடுத்த முறை பெரியப்பா வந்தபோது அதே பாட்டைப் போட்டேன், ஒன்றும் சொல்லவில்லை. பாதிப் பாட்டில் சப்வூஃபரை மட்டும் அணைத்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் உடனே நிமிர்ந்தார். “ஏங்கண்ணு, என்னத்த நிறுத்துன? அடி வத்திப் போச்சே!” நாற்பது வருடமாகக் கிணற்றில் நீர்மட்டம் இறங்குவதை மோட்டார் சத்தத்தை வைத்தே சொல்லி வந்த காது அது. மறுபடி போட்டுவிட்டேன்.