உங்களுக்குத் தெரியுமா? பழைய டைப்ரைட்டரும் அதன் போல்ட்டும்

வணிகத்தில் வெற்றிபெற்ற முதல் டைப்ரைட்டர் கடைக்கு வந்ததே மேசையோடு சேர்த்துப் பூட்டித்தான். ஷோல்ஸ், கிளிடன் இருவர் பெயரிலான இயந்திரத்தை அமெரிக்காவின் இலியன் ஊரிலிருந்த ரெமிங்டன் ஆலை 1874-ல் விற்பனைக்கு விட்டது. துப்பாக்கிக்குப் பெயர்போன ஆலை அது. ஆனால் டைப்ரைட்டர் வேலை போனது தையல் மிஷின் பிரிவுக்கு. அவர்கள் தங்களுக்குப் பழகிய இரும்புக் காலிலேயே அதை ஏற்றி, கீழே ஒரு மிதியும் வைத்தார்கள். வரி முடிந்ததும் காலால் மிதித்தால் மேலே தாளைத் தாங்கும் வண்டி திரும்பும்.

நம் வீடுகளில் அம்மாக்கள் மிதித்த உஷா தையல் மிஷின், கொல்கத்தாவில் டாலிகஞ்சை ஒட்டிய பிரின்ஸ் அன்வர் ஷா சாலையில் உருவானது. ஜெய் இன்ஜினியரிங் ஒர்க்ஸின் ஆலை அங்கே இருந்தது. இப்போது அந்த நிலத்தில் சவுத் சிட்டி குடியிருப்பும் வணிக வளாகமும் நிற்கின்றன. தையலை நிறுத்திவிட்ட வீட்டில் அந்த மிதிகால் ஸ்டாண்டு சும்மா கிடந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். மேலே ஒன்றரை அங்குலக் கனத்தில் நல்ல பலகை போட்டால், டைப்ரைட்டருக்கு அதைவிடப் பொருத்தமான மேசை எனக்குத் தெரிந்து வேறில்லை.

  

சுமார் 15 கிலோ எடையுள்ள ஆபீஸ் டைப்ரைட்டர் தானாக நகருமா? நகரும். பெரும்பாலான இயந்திரங்களில் இடப்பக்க நெம்புகோலைத் தள்ளி வண்டியை வலப்பக்கம் அனுப்புகிறோம். ஒவ்வொரு வரிக்கும் ஒரு தள்ளு. ரப்பர் பாதம் கல்லாய் இறுகிப்போன பழைய மிஷின் வழவழப்பான மேசையில் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் ஊர்ந்துகொண்டே போகும். தமிழ்நாட்டில் ஆங்கில முதுநிலைத் தட்டச்சுத் தேர்வின் வேகம் நிமிடத்துக்கு 45 சொல். ஐந்து தட்டு ஒரு சொல் என்ற கணக்கில் நிமிடத்துக்கு 225 தட்டு. அந்த வேகத்தில் அடிப்பவருக்கு மிஷின் அரை அங்குலம் தள்ளிப்போனாலும் விரல் தடம் மாறும்.

அதனால்தான் மிஷினை அதன் அடியில் நான்கு மூலையிலும் உள்ள துளைகளில் போல்ட் போட்டு மேசையோடு பூட்டுகிறோம். ஆனால் கால் அங்குல போல்ட் என்று கடையில் கேட்டால், நான்கு விதமான போல்ட்டில் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம். விட்டம் நான்கிலும் 6.35 மி.மீ. மரைதான் வேறு. பிரிட்டிஷ் விட்வொர்த் என்றால் ஓர் அங்குலத்துக்கு 20 மரை, பிரிட்டிஷ் ஃபைன் 26, அமெரிக்கக் கோர்ஸ் 20, அமெரிக்க ஃபைன் 28. விட்வொர்த்துக்கும் அமெரிக்கக் கோர்ஸுக்கும் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதே என்று மகிழ வேண்டாம். ஜோசப் விட்வொர்த் 1841-ல் மரைப் பள்ளத்துக்கு 55 பாகைக் கோணம் வைத்தார். பிலடெல்பியாவின் வில்லியம் செல்லர்ஸ் 1864-ல் 60 பாகை வைத்தார். ஒன்றில் மற்றது ஏறும், ஆனால் சரியாக உட்காராது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டு இயந்திரங்களுக்கு ஒருவர் போல்ட் மற்றவருக்கு உதவாமல் பட்ட பாட்டுக்குப் பிறகு, 1948 நவம்பரில்தான் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் உட்கார்ந்து ஒரே மரைக்குக் கையெழுத்திட்டன. பழைய டைப்ரைட்டர்களில் ஏராளமானவை அதற்கு முந்தியவை.

இவற்றைவிட ஆபத்தானது, இன்று எந்தக் கடையிலும் கிடைக்கும் 6 மி.மீ. மெட்ரிக் போல்ட். அதன் மரைக்கு மரை இடைவெளி 1 மி.மீ. அதாவது அங்குலத்துக்கு 25.4. பிரிட்டிஷ் ஃபைனின் 26-க்கு வெகு அருகில். கையால் திருகினால் சுகமாக ஏறிவிடும், பொருந்திவிட்டது என்றே தோன்றும். ஸ்பானர் போட்டு இழுக்கும்போது உள்ளே இருக்கும் மரை உரிந்துகொண்டு வரும். எழுபது, எண்பது வருடம் தாங்கிய மரை ஒரு நிமிட அவசரத்தில் போய்விடும். நல்ல மிஷின்கள் இப்படிக் கெட்டுப்போவது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

சரியான மரையை எப்படிக் கண்டுபிடிப்பது? நான்கு மூலையில் ஏதாவது ஒன்றில் பழைய போல்ட் மிச்சம் இருந்தால் வேலை சுலபம்: மரைக் கேஜ் வைத்துப் பார்க்கலாம், இல்லையேல் ஸ்கேலை ஒட்டி வைத்து ஓர் அங்குலத்துக்குள் எத்தனை என்று எண்ணலாம். போல்ட்டே இல்லையென்றால், துளையில் துருநீக்கி எண்ணெய் விட்டு, பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். பிறகு மெத்தென்ற மரக்குச்சி ஒன்றைத் துளைக்கு இறுக்கமாகச் சீவி, மெல்லத் திருகி ஏற்றி, அதே போலத் திருகியே இறக்குங்கள். மரையின் தடம் குச்சியில் பதிந்திருக்கும். விட்டத்தை வெர்னியரில் பாருங்கள்.

போல்ட்டின் முடிவான சோதனை விரல்தான். சரியான போல்ட் விரலாலேயே கடைசிவரை ஏறும், ஆட்டிப் பார்த்தால் ஆடாது. இரண்டு சுற்றில் பிடித்தால் மரை வேறு. லொடலொடத்தாலும் வேறு.

இன்னொரு துப்பு, மிஷின் பிறந்த நாடு. அண்டர்வுட், ராயல், ரெமிங்டன் என்றால் அமெரிக்க அங்குல மரையைத் தேடத் தொடங்கலாம். லெஸ்டர் நகரத்து இம்பீரியல் என்றால் பிரிட்டிஷ் வகைகள். ஜெர்மன் மிஷின் என்றால் மெட்ரிக் இருக்க வாய்ப்பு அதிகம். விசைப்பலகையில் என்ன மொழி இருக்கிறது என்பது இதில் உதவாது. யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா தமிழுக்கு விசைப்பலகை வகுத்தபோது இயந்திரம் வந்தது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து சைடல் அண்ட் நௌமன் ஆலையிலிருந்து. அந்த ஆலையும் தையல் மிஷின் செய்த ஆலைதான்! டாக்காவின் முனீர் சௌத்ரி 1965-ல் வங்காள விசைப்பலகை அமைத்ததும் கிழக்கு ஜெர்மனியின் ஆப்டிமா இயந்திரத்துக்கே. ஆகவே டாலிகஞ்ச் வீடு ஒன்றில் வங்காள டைப்ரைட்டர் கிடைத்தாலும், அதன் அடியில் ஜெர்மன் மரை இருக்கக்கூடும்.

இந்தியாவில் முழுக்கச் செய்த முதல் டைப்ரைட்டரை கோத்ரெஜ் 1955-ல் கொண்டுவந்தது. நாடு மெட்ரிக் அளவைக்குச் சட்டம் போட்டது 1956-ல். எனவே அந்தக் கால மிஷினில் எந்த மரையையும் ஊகித்துக்கொள்ளாமல் அளந்தே பார்க்க வேண்டும்.

நீளத்தில் தவறினால் மரை சரியாக இருந்தும் பயனில்லை. பலகையின் கனம், வாஷரின் கனம், ரப்பரின் கனம் மூன்றையும் கூட்டுங்கள். அதோடு போல்ட் விட்டத்தைப் போல ஒரு மடங்கு முதல் ஒன்றரை மடங்குவரை சேருங்கள். கால் அங்குல போல்ட்டுக்கு அது 6 முதல் 10 மி.மீ. அதற்கு மேல் நீண்டால் முனை மிஷினின் இரும்புச் சட்டத்தைத் தாண்டி உள்ளே எட்டிப்பார்த்து, ஸ்பேஸ் பாரின் கம்பியையோ விசை நெம்பையோ தட்டும். இறுக்கியபின் ஏதாவது ஒரு விசை மட்டும் மக்கர் செய்தால் முதலில் போல்ட் நீளத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பழைய ஆபீஸ் மிஷின் பலவற்றின் சட்டம் வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பு வளையாது, விரிசல் விடும். பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே கட்டாயம் ரப்பர் இருக்கட்டும். போல்ட்டை ரப்பர் சற்றே அமுங்கும் வரை இறுக்கினால் போதும். சத்தமும் குறையும்.

சில மிஷின்களில் மரையே கிடையாது. ரப்பர் பாதம் வெறும் துளையில் செருகப்பட்டிருக்கும். அங்கே புதிதாக மரை வெட்டச் சொல்லாதீர்கள். மேசைப் பலகையில் பாதம் அளவுக்கு நான்கு குழி தோண்டி, பாதங்களை அதில் உட்கார வையுங்கள். மேசைப் பலகை மாற்றிக்கொள்ளக் கூடியது, அந்தச் சட்டம் இனிமேல் எங்கும் வார்க்கப்படப் போவதில்லை. கோத்ரெஜும் டைப்ரைட்டர் தயாரிப்பை 2009-ல் நிறுத்திவிட்டது.

கொல்கத்தாவில் இருப்பவர் கொடுத்துவைத்தவர். சில்லறை ஆணி, போல்ட்டுக்கு சாந்தினி சந்தை, பழைய கார் உதிரிகளோடு அங்குல மரை போல்ட்டும் தேட மல்லிக் பஜார். இரண்டிலும் அகப்படாவிட்டால் ஆற்றுக்கு அப்பால் ஹவுராவின் பெலிலியஸ் சாலைக்குப் போகலாம். சிறு லேத் பட்டறைகள் வரிசையாக இருக்கும் சாலை அது. மாதிரி போல்ட்டையோ மரக்குச்சியையோ கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். வாயால் சொல்லும் அளவைவிட அது நூறு மடங்கு மேல்.

மாட்டி முடித்தபின் ஒரு மழைக்காலமும் ஒரு குளிர்காலமும் கடக்க வேண்டும். வங்காளத்து ஆடி, ஆவணி ஈரத்தில் பலகை ஊதும், மார்கழி வறட்சியில் சுருங்கும். சுருங்கியதும் போல்ட் தளரும். டிசம்பரில் ஒருமுறை அடியில் கையை விட்டு, நான்கையும் கால் சுற்று இறுக்கிவிடுங்கள்.