நெய்வேலியில் ஒரு குட்டிக் கடல்!

இப்படி ஒரு சீனை கற்பனை பண்ணிக்குங்க. சென்னை கொளத்தூர். வண்ண மீன் கடைகள் வரிசை கட்டி நிற்கும் தெரு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு காலேஜ் பையன், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்களை வாய் பிளந்து பார்த்துக்கிட்டு நிற்கிறான்.

“அண்ணே, இந்த நீமோ ஒரு ஜோடி வேணும்.”

“தம்பிக்கு எந்த ஊரு?”

“நெய்வேலிண்ணே.”

“கடல் தண்ணி தொட்டி செட் பண்ணி எத்தனை நாளாச்சு?”

“தொட்டியா? அதையும் இனிமேதாண்ணே வாங்கணும்!”

“அப்ப ரெண்டு மாசம் கழிச்சு வா, தம்பி.”

பையன் முகம் வாடிப் போனாலும், அவனுக்குக் கிடைத்தது லட்சத்தில் ஒரு அட்வைஸ். இல்லையென்றால் என்ன ஆகும்? மீன் பாலிதீன் பையில் பஸ் ஏறும். பிளாக்கில் இருக்கிற குவார்ட்டர்ஸுக்கு வந்து புதுத் தொட்டியில் குதிக்கும். நாலாவது நாள் மல்லாந்து மிதக்கும். ‘கடல் மீன் நமக்கு ராசியில்லடா’ என்று தொட்டி பரணுக்குப் போய்விடும்.

ராசியெல்லாம் ஒண்ணுமில்லை, பாஸ். கடல் மீன் ஆசை இருக்கிறவங்க முதலில் வளர்க்க வேண்டியது மீனை இல்லை... தண்ணியை!

உப்பு போட்டா கடலாகுமா?

நெய்வேலியில் தண்ணிக்கு என்ன பஞ்சம்? பூமிக்கு அடியில் அழுத்தத்தோடு இருக்கும் ஊற்று நீரை இரவும் பகலும் பம்ப் பண்ணி வெளியேற்றினால்தான் சுரங்கத்தில் நிலக்கரியே வெட்ட முடியும். ஆனால் அது நல்ல தண்ணி. கடல் நீரிலோ ஒரு லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. அதுவும் வெறும் சமையல் உப்பு இல்லை. மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் என்று ஒரு கூட்டணியே இருக்கு. அதனால் மளிகைக்கடை உப்பு உதவாது. மீன் தொட்டிக்கென்றே விற்கிற கடல் உப்புக் கலவைதான் சரி. 100 லிட்டர் தண்ணிக்குச் சுமார் மூன்றரை கிலோ ஆகும். குழாய்த் தண்ணியில் குளோரின் இருந்தால் அதை நீக்கிவிட்டுத்தான் உப்பைக் கரைக்கணும்.

‘ஏன், கடலூர் சில்வர் பீச்சுக்கு கேனோடு போயிட்டா?’ என்று கேட்கிறது புரியுது. கரையோரத் தண்ணியில் சேறும் கழிவும் இருக்கலாம். மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் கலந்து உப்பளவே மாறிப் போகும். ஆரம்பத்திலேயே ரிஸ்க் எதுக்கு?

கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரங்க

தொட்டியில் மணல், துளை நிறைந்த கல், ஹீட்டர் இல்லாத மோட்டார், உப்புத் தண்ணி எல்லாம் போட்டாச்சு. இப்ப மீன் விடலாமா? கூடாது. மார்க்கெட்டில் வாங்கிய ஒரே ஒரு இறாலைப் போட்டு அழுக விடுங்க. அம்மா திட்டுவாங்க... பரவாயில்லை!

இறால் அழுகும்போது அமோனியா வரும். மீனின் கழிவிலிருந்து வருவதும் இதே விஷம்தான். கொஞ்ச நாளில் ஒரு வகை பாக்டீரியா பெருகி அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷமே. பிறகு இன்னொரு வகை வந்து நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இதனால் அவ்வளவு ஆபத்தில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்து, பதினைந்து சதவீதம் தண்ணி மாற்றினால் கட்டுக்குள் இருக்கும். இந்தச் சுழற்சி முழுசா நடக்க நாலு முதல் ஆறு வாரம். டெஸ்ட் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டுகிற நாள்தான் மீனுக்கு நல்ல நாள். கடைக்காரர் சொன்ன ‘ரெண்டு மாச’ ரகசியம் இதுதான்!

அன்று... இன்று...

சென்னை மெரினாவில் 1909-லேயே கடல் மீன்களைக் காட்டும் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. இப்போது அது இல்லை. கடலோரத்தில் அரசாங்கம் நடத்துவது வேறு. வீட்டு ஹாலில் கடல் மீன் வளர்ப்பது வேறு. 1960-களில் செயற்கைக் கடல் உப்பு விற்பனைக்கு வந்த பிறகுதான் கடலே பார்க்காத ஊர்க்காரர்களும் இதில் இறங்கினார்கள். அதே காலத்தில் இந்தோனேசியாவின் லீ சின் எங், பாறைகளில் வாழும் நுண்ணுயிர்களே தண்ணியைச் சுத்தப்படுத்தும் என்று 1961-ல் எழுதினார். உடனே எல்லோரும் கேட்டுவிடவில்லை. மணலுக்கு அடியில் ஃபில்டர், அலங்காரத்துக்குச் செத்த பவள எலும்பு என்றுதான் பல வருடம் ஓடியது.

அப்புறம் வந்தது புரோட்டீன் ஸ்கிம்மர். தண்ணியில் பொடிப் பொடியாகக் காற்றுக் குமிழி விட்டு, அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ளும் கருவி. அலை அடித்துக் கரையில் நுரை ஒதுங்குமே, அதே டெக்னிக்! இப்போது சூட்டைக் குறைக்கும் எல்.இ.டி. விளக்கு, ஆவியான தண்ணியைத் தானே நிரப்பும் சாதனம் என்று வசதி கூடிவிட்டது.

2003-ல் ‘ஃபைண்டிங் நீமோ’ வந்ததும் கோமாளி மீன் உலக ஸ்டார். அப்பாவிடமிருந்து பிடித்துக்கொண்டு போன குட்டி மீனை மீட்கிற கதை அது. அதைப் பார்த்துவிட்டே ‘எனக்கும் ஒரு நீமோ’ என்று கேட்டார்கள் என்பது வேடிக்கையான வேதனை!

பவளம் வேணாம், பாஸ்!

தென்கிழக்கு ஆசியக் கடல்களில் சயனைடு பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் பல பவளப்பாறைகளை நாசமாக்கியது. நம் மன்னார் வளைகுடாவிலும் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். 2001-ல் பவளப்பாறை, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதாவது, புலிக்கு என்ன பாதுகாப்போ அதே! நம் கடலிலிருந்து இவற்றை எடுத்தாலும் விற்றாலும் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. ‘யாருக்கும் தெரியாது, தம்பி’ என்று யாராவது உயிருள்ள பாறையையோ கடல் குதிரையையோ நீட்டினால் அப்படியே நடையைக் கட்டுங்க. காய்ந்த துளைக்கல்லும் செராமிக் கல்லும் பாக்டீரியாவுக்கு நல்ல வீடுதான்.

பக்கத்து ஊர் நீமோ

அப்ப மீனுக்கு எங்கே போறது? இங்கதான் நம்ம மாவட்டத்துக்கு ஒரு பெருமை. வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கு. நீமோ இனத்தைக் கழிமுகத் தண்ணியிலேயே முட்டையிட வைத்து, குஞ்சு வளர்த்துக் காட்டி, 2009-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் கோமாளி மீன்களை இனப்பெருக்கம் செய்திருக்கிறது.

பண்ணை மீன் பாறையிலிருந்து பிடிபட்டதல்ல. கண்ணாடித் தொட்டியிலேயே பிறந்தது. அதனால் பிடிபட்ட அதிர்ச்சி இல்லை, தீனியும் சீக்கிரம் எடுக்கும். கடையில் நீங்க கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை இல்லை. ‘அண்ணே, இது பண்ணை மீனா, பிடிச்ச மீனா?’

ஆனால் எல்லா மீனும் பண்ணையில் பிறப்பதில்லை. ‘டோரி’ என்கிற நீல மீன் முதன்முதலாகப் பண்ணையில் வளர்க்கப்பட்டதே 2016-ல்தான், அமெரிக்காவில். அது நீந்தித் திரிய பெரிய தொட்டியும் வேணும். புதுசா வருகிறவங்களுக்கு 150 லிட்டர் தொட்டியில் ஒரு ஜோடி கோமாளி மீனே தாராளம். கடல் சாமந்தி இல்லாமலும் அவை நல்லா இருக்கும். இன்னொரு விஷயம் தெரியுமா? கோமாளி மீன் எல்லாம் முதலில் ஆண்தான். ஜோடியில் பெரிசா வளர்வது பெண்ணாக மாறிவிடும். வீட்டில் மதுரை ஆட்சிதான்!

நெய்வேலி ஸ்பெஷல் டிப்ஸ்

* நம்ம ஊர் பழுப்பு நிலக்கரி வகையில் செய்கிற ஆக்டிவேட்டட் கார்பனுக்குத் துளைகள் பெரிசு. தண்ணியை மஞ்சளாக்கும் அழுக்கைப் பிடிக்க அது கெட்டி. அதுக்காக சுரங்கக் கட்டியைத் தூக்கித் தொட்டியில் போட்டுடாதீங்க! மீன் தொட்டிக்கென்று பதப்படுத்தியதை மட்டும் வாங்குங்க.

* கத்திரி வெயிலில் தண்ணி 27 டிகிரியைத் தாண்டாம பார்த்துக்கணும். தொட்டி மேல் ஒரு சின்ன ஃபேன் வைத்தால் சூடு கொஞ்சம் குறையும். ஆவியாவது தண்ணி மட்டும். உப்பு அங்கேயே தங்கிடும். அதனால் குறைந்ததை நல்ல தண்ணியால்தான் நிரப்பணும்.

* கரண்ட் தயாரிக்கிற ஊரில் கரண்டுக்கு என்ன கவலை என்று இருந்துடாதீங்க. 2011 டிசம்பர் 30-ல் ‘தானே’ புயல் நம்ம மாவட்டத்தைப் புரட்டியபோது பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மோட்டார் நின்றால் தண்ணியில் ஆக்சிஜன் குறைய சில மணி நேரம் போதும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

* செமஸ்டர் லீவில் டூர் போகிற ஆளா? தீனி போட, தண்ணி நிரப்ப தங்கச்சியையோ தம்பியையோ இப்பவே தாஜா பண்ணி வைங்க.

மத்த ஹாபியில் காசு கொடுத்த அன்னைக்கே ஜாலி. இதில் முதல் ஆறு வாரம் வெறும் தண்ணியைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கணும். வீட்டுக்கு வர்றவங்க ‘மீன் எங்கப்பா?’ என்று கேட்டுக் கிண்டல் பண்ணுவாங்க. பண்ணட்டும். அந்த ஆறு வாரம் பொறுத்தவங்க தொட்டியில்தான் நீமோ வருஷக்கணக்கில் நீந்தும்.

என்ன, இறால் வாங்கக் கிளம்பிட்டீங்களா?