அபாயச் சங்கு

நம் நாட்டில் ஆலைகள் தோன்றிய பிறகு 'சங்கு' என்னும் பழைய சொல்லுக்குப் புதியதொரு பொருளும் சேர்ந்துகொண்டது. கோயில் வாயிலிலும் போர்க்களத்திலும் முழங்கிய சங்கு, ஆலையின் கூரைமீது ஏறி அமர்ந்து, வேலை தொடங்கும் வேளையையும் முடியும் வேளையையும் ஊருக்கு அறிவிக்கலாயிற்று. ஆபத்து நேரும்போது அலறி எச்சரிப்பதும் அதன் கடமையே. ஆனால் சங்கு தானாக ஊதுவதில்லை. ஊதலாமா, கூடாதா என்று ஒரு மனிதன் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தீர்மானத்தை அவன் எப்போது செய்கிறான்? ஆபத்து வந்த பிறகா, வருவதற்கு முன்பா? ஒரு ஸ்தாபனத்தின் யோக்கியதை முழுவதும் இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

ஸ்தாபனம் என்றதும் பெரிய தொழிற்சாலை ஒன்றையே நேயர்கள் மனத்தில் கொள்ள வேண்டாம். ஆஸ்பத்திரியும் பாங்கும், ரயில்வேயும் பள்ளிக்கூடமும், சர்க்கார் இலாகாக்களும் ஸ்தாபனங்களே. நெருக்கடி என்பது இவை எல்லாவற்றின் வாசலுக்கும் ஒரு நாள் வந்து சேரக்கூடிய அதிதி. வரும் தேதியைத்தான் முன்கூட்டித் தெரிவிப்பதில்லை.

போபாலில் ஓர் இரவு

1984-ம் வருஷம் டிசம்பர் மாதம் 2-ந் தேதி இரவு, மத்தியப் பிரதேசத்தின் தலைநகரான போபாலில், யூனியன் கார்பைடு கம்பெனியின் பூச்சி மருந்துத் தொழிற்சாலையில், மெத்தில் ஐசோசயனேட் என்னும் கொடிய திரவம் நிறைந்த தொட்டி ஒன்றில் தண்ணீர் புகுந்தது. உள்ளே வெப்பமும் அழுத்தமும் ஏறின. சுமார் 40 டன் நச்சுப்பொருள் வாயுவாக வெளியேறி, சுற்றிலும் குடிசைகளில் உறங்கிக்கொண்டிருந்த ஏழை ஜனங்கள்மீது படர்ந்தது. மாண்டவர்களின் தொகை சர்க்கார் கணக்குப்படியே ஐயாயிரத்துக்கு மேல். வாயுவினால் பாதிக்கப்பட்டோர் ஐந்து லட்சத்துக்கு மேல்.

அந்தத் தொழிற்சாலையின் யந்திரக் குறைகளைப் பற்றிப் பலரும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். நாம் இங்கே கவனிக்க விரும்புவது வேறொரு குறையை. சொல்ல வேண்டிய சொல், சொல்ல வேண்டிய நேரத்தில், சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லப்படவில்லை.

முன்பெல்லாம் தொழிற்சாலைக்குள் அபாய ஒலி எழுந்தால் ஊராருக்கான சங்கும் கூடவே ஊதும். பிற்பாடு இரண்டையும் பிரித்துவிட்டார்கள். சின்னஞ்சிறு கசிவுக்கெல்லாம் அக்கம்பக்கத்தார் அஞ்சி ஓடக்கூடாது என்பது அவர்கள் கூறிய நியாயம். அன்றிரவு ஊருக்கான சங்கு சிறிது நேரம் ஊதியது, உடனே நிறுத்தப்பட்டது. மறுபடியும் அது இடைவிடாமல் ஒலித்தபோது மணி ஏறக்குறைய இரண்டு. அதற்குள் தெருக்கள் பிணக்காடாகிக்கொண்டிருந்தன. இடையில் போலீசார் விசாரித்தபோது, எல்லாம் சரியாகவே இருக்கிறது என்று தொழிற்சாலையிலிருந்து பதில் வந்ததாம்!

சங்கொலி கேட்டிருந்தாலும் ஜனங்கள் என்ன செய்திருப்பார்கள்? அங்கே தயாராவது பயிருக்கு 'மருந்து' என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள். மருந்து ஆளைக் கொல்லும் என்று யார் எண்ணுவார்? இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்வது. ஓட ஓட மூச்சு வாங்கும், மூச்சு வாங்க வாங்க நஞ்சு உள்ளே போகும். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு காற்றின் போக்குக்குக் குறுக்காக விலக வேண்டும். இந்த நாலு வாக்கியங்களை முன்னமேயே யாராவது அந்தக் குடிசைகளில் சொல்லியிருந்தால் எத்தனையோ உயிர்கள் மிஞ்சியிருக்கும். ஆஸ்பத்திரியில் குவிந்த நோயாளிகளைப் பார்த்து டாக்டர்கள் திகைத்தார்கள். எந்த நஞ்சு, எதற்கு என்ன சிகிச்சை என்று அவர்களுக்கும் யாரும் தெளிவாகச் சொல்லவில்லை.

சொன்னவர் ஒருவரும் இல்லையா என்றால், இருந்தார். ராஜ்குமார் கேஸ்வானி என்னும் பத்திரிகாசிரியர், 1982-ம் வருஷத்திலேயே தமது சிறிய ஹிந்தி வாரப் பத்திரிகையில், இந்த நகரம் எரிமலை வாயில் அமர்ந்திருக்கிறது என்ற கருத்தில் எழுதி எச்சரித்தார். அது செவிடன் காதில் ஊதிய சங்காயிற்று.

அதே இரவில், அதே ஊரில், வேறொரு ஸ்தாபனம் நடந்துகொண்ட விதத்தையும் பார்க்க வேண்டும். போபால் ரயில் நிலையத்தில் வேலையில் இருந்த உதவி ஸ்டேஷன் அதிகாரி குலாம் தஸ்தகீர், நிலையத்தில் ஜனங்களோடு நின்றிருந்த வண்டியைக் குறித்த நேரத்துக்கு முன்னதாகவே அனுப்பிவைத்தார். போபாலுக்கு வண்டிகளை விடவேண்டாம் என்று அக்கம்பக்கத்து நிலையங்களுக்குச் செய்தி கொடுத்தார். தாமும் அந்த நஞ்சைச் சுவாசித்து, பின்னர் வெகுகாலம் நோயால் வருந்தியவர் அவர். அவருடைய நெஞ்சுரம் வணங்கத்தக்கது. ஆனால் அந்த நெஞ்சுரத்துக்கு உதவ ஒரு வழியும் இருந்தது. ஒரு நிலையம் மற்றொன்றோடு இரவும் பகலும் பேசிக்கொண்டே இருப்பது ரயில்வேயின் அன்றாட வழக்கம். யாருக்கு, எந்தக் கம்பி வழியே, எப்படிச் சொல்வது என்று அன்றைக்கு அவர் யோசித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கவில்லை. வீரனுக்கும் ஒரு வாள் வேண்டுமல்லவா?

சட்டம் மட்டும் போதுமா?

போபாலுக்குப் பிறகு சட்டங்கள் வந்தன. 1987-ல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. அபாயகரமான தொழில் நடத்துவோர், அதன் ஆபத்தையும் தற்காப்பு வழிகளையும் தொழிலாளிகளுக்கு மட்டுமன்றி அக்கம்பக்கத்து ஜனங்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று விதியாயிற்று. 1989-ல் வந்த விதிகளின்படி, தொழிற்சாலைக்குள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், வெளியே ஊராரை உத்தேசித்த திட்டத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒத்திகை நடத்த வேண்டும்.

நல்ல விதிகள்தாம். ஆனால் 2020-ம் வருஷம் மே மாதம் 7-ந் தேதி விடியற்காலை விசாகப்பட்டினத்தில் நடந்தது என்ன? எல்.ஜி. பாலிமர்ஸ் தொழிற்சாலையிலிருந்து ஸ்டைரீன் என்னும் வாயு கசிந்து, தூங்கிக்கொண்டிருந்த கிராமத்துக்குள் புகுந்தது. பன்னிரண்டு பேர் மாண்டனர். ஆந்திர சர்க்கார் நியமித்த உயர்மட்டக் குழு விசாரித்தபோது, அபாயச் சங்கை இயக்குவதற்கு அந்தத் தொழிற்சாலையில் 36 இடங்களில் வசதி இருந்ததென்றும், ஓரிடத்திலிருந்தும் அது இயக்கப்படவில்லை என்றும் தெரியவந்தது. முப்பத்தாறு பொத்தான்கள் இருந்தும் ஒரு விரல் இல்லாமற்போயிற்று! கருவி வாங்குவது வேறு, கையைப் பழக்குவது வேறு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

சிகாகோவில் ஏழு பேர்

மறைப்பதால் ஸ்தாபனத்துக்கு லாபம் உண்டு என்று எண்ணுவோர் அமெரிக்காவில் நடந்த மற்றொரு சம்பவத்தை நினைக்க வேண்டும். போபாலுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1982-ம் வருஷம் செப்டம்பர் கடைசியில், சிகாகோ நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஏழு பேர் திடீரென்று மாண்டனர். எல்லோரும் 'டைலினால்' என்ற தலைவலி மருந்து உறைகளை விழுங்கியவர்கள். கடையில் இருந்த புட்டிகளில் யாரோ ஒரு பாதகன் சயனைடைக் கலந்துவிட்டான். அவன் யாரென்பது இறுதிவரை நிரூபிக்கப்படவில்லை.

மருந்தைச் செய்த ஜான்சன் அண்டு ஜான்சன் கம்பெனி, குற்றம் தன்னுடையதல்ல என்று சொல்லி ஒதுங்கியிருக்கலாம், அது உண்மையுங்கூட. ஆனால் அக்கம்பெனி அந்த மருந்தை உண்ணவேண்டாம் என்று தானே தேசமெங்கும் அறிவித்தது. விளம்பரத்தை நிறுத்தியது. ஜனங்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல இலவசத் தொலைபேசி ஏற்பாடு செய்தது. 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைத் திரும்பப் பெற்றது. அவற்றின் மதிப்பு பத்துக் கோடி டாலருக்கு மேல்.

இதில் நமக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றும் விஷயம் ஒன்று உண்டு. எங்கள் தொழிற்சாலையில் சயனைடே கிடையாது என்று முதலில் கம்பெனியார் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டார்கள். பிறகு விசாரித்ததில், பரிசோதனைக்கூடத்தில் சிறிதளவு வைத்திருப்பது தெரிந்தது. சொன்னதைச் சாதிக்க முயலாமல், தவறை ஒப்புக்கொண்டு திருத்திச் சொன்னார்கள். சில மாதங்களில், பிரித்தால் உடனே தெரிந்துவிடும்படி மூன்று காப்புகள் கொண்ட புட்டிகளில் மருந்து மீண்டும் வந்தது. ஜனங்களும் மீண்டும் வாங்கினார்கள்.

இந்த நேர்மை ஒரே நாளில் முளைத்ததா? நமது முதற்கடமை வைத்தியர்களுக்கும் நோயாளிகளுக்கும் தாய்மார்களுக்குமே என்று 1943-லேயே அக்கம்பெனி ஒரு கொள்கைப் பத்திரம் எழுதி வைத்திருந்தது. தலைவராக இருந்த ஜேம்ஸ் பர்க், அதை உண்மையாகவே அனுஷ்டிக்கப் போகிறோமா, அல்லது சுவரிலிருந்து எடுத்துவிடலாமா என்று நெருக்கடிக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே தமது அதிகாரிகளைக் கூட்டி விவாதித்திருந்தார். ஒரு நாளைய நேர்மை என்றென்றைக்குமான நற்சாட்சிப் பத்திரம் ஆகிவிடாது என்பதும் உண்மையே. இதே கம்பெனி பிற்காலத்தில் தனது டால்கம் பவுடர் சம்பந்தமாக ஆயிரக்கணக்கான வழக்குகளுக்குப் பதில் சொல்ல நேர்ந்தது. ஆகவே கம்பெனியைப் போற்ற வேண்டாம். அந்தச் சில வாரங்களின் நடத்தையைக் கற்றுக்கொண்டால் போதும்.

ஒடிசாவின் பாடம்

'ஜனங்களிடம் உண்மையைச் சொன்னால் பீதி உண்டாகும்' என்பது அதிகாரிகளின் வழக்கமான வாதம். போபாலில் சங்கை நிறுத்தியதும் இந்த வாதந்தான். இதில் எவ்வளவு உண்மை உண்டு என்பதை ஒடிசாக் கடற்கரையில் காணலாம்.

1999-ம் வருஷம் அக்டோபர் 29-ந் தேதி அந்தக் கரையைப் பெரும்புயல் தாக்கியது. கடல் கிராமங்களுக்குள் புகுந்தது. ஏறக்குறையப் பதினாயிரம் பேர் மாண்டனர். புயல் வருவது தெரிந்தும், எங்கே போவது, யார் அழைத்துப் போவது என்பது ஜனங்களுக்குத் தெரியவில்லை. போவதற்குப் போதிய இடமும் இல்லை. அந்தத் துயரத்திலிருந்தே அந்த ராஜ்யத்தின் பேரிடர் நிர்வாக ஸ்தாபனம் பிறந்தது. கரையோரம் நெடுகப் புகலிடங்கள் எண்ணூறுக்கு மேல் எழுந்தன. கிராமத்துக் கிராமம் தொண்டர்கள் பயிற்சி பெற்றார்கள். ஆண்டுதோறும் ஒத்திகை நடந்தது. 122 இடங்களில் அபாயச் சங்குக் கோபுரங்கள் நிறுவப்பட்டன.

2013-ம் வருஷம் அக்டோபரில் பைலின் புயல் வந்தபோது ஏறக்குறையப் பத்து லட்சம் பேர் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்குச் சென்றார்கள். 2019-ம் வருஷம் மே மாதம் 3-ந் தேதி பானி புயல் பூரிக்கருகே கரை கடந்தபோது சுமார் பன்னிரண்டு லட்சம் பேர். அப்போது 26 லட்சம் குறுஞ்செய்திகள் கைபேசிகளுக்குச் சென்றன; 43,000 தொண்டர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். மாண்டவர்கள் 64 பேர். ஓர் உயிரும் சிறிதல்ல. ஆயினும் பதினாயிரத்தையும் அறுபத்து நாலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பன்னிரண்டு லட்சம் ஜனங்களிடம் 'உங்கள் வீடு பறந்துபோகலாம்' என்று சொல்லியும் பீதி எங்கே உண்டாயிற்று? அவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு, கிழவர்களையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு நடந்தார்கள். செய்தியைக் கொண்டுவந்தவன் அவர்களுடைய கிராமத்தான். சொன்னது அவர்களுடைய பாஷையில். போகவேண்டிய கட்டடம் அவர்கள் தினமும் பார்த்த கட்டடம். பள்ளிக்கூடத்தில் காலங்கழிக்கும் நமக்கு இது வியப்பளிப்பதில்லை. உபாத்தியாயர் வாய் திறக்காத வகுப்பில்தான் வதந்தி பெஞ்சுக்குப் பெஞ்சு தாவுகிறது. நடந்ததைச் சொல்லி, செய்ய வேண்டியதையும் சொல்லிவிட்டால் எட்டு வயதுப் பையன்கூட வரிசையில் நிற்கிறான்.

அமைதியான நாளில் செய்ய வேண்டியவை

ஆகவே ஒவ்வொரு ஸ்தாபனமும் அமைதியான நாளில் உட்கார்ந்து சில காரியங்களைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, யார் பேசுவது? அவர் ஊரில் இல்லாவிட்டால் அடுத்தவர் யார்? பல வாய்கள் பலவிதமாகப் பேசினால் ஜனங்கள் எதையும் நம்பமாட்டார்கள். ஆனால் உண்மையில் முதல் கேள்வியைச் சந்திப்பவன் வாசற்காவலன். அல்லது தொலைபேசியை எடுக்கும் குமாஸ்தா. அவர்களுக்கும் என்ன சொல்வதென்று தெரிந்திருக்க வேண்டும். 'ஒன்றுமில்லை' என்று சொல்லக்கூடாது என்பதாவது தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, யாருக்கு முதலில் சொல்வது? ஆபத்து யார் தலைக்குமேல் நிற்கிறதோ அவர்களுக்கு. பிறகு அவர்களைக் காப்பாற்ற வேண்டிய டாக்டருக்கும் போலீசுக்கும் தீயணைப்புப் படைக்கும். மேலதிகாரியின் அனுமதியும் பத்திரிகை அறிக்கையும் அதற்கப்பால்தான்.

மூன்றாவது, என்ன சொல்வது? நடந்தது இது, எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இது, நீங்கள் இப்போது செய்ய வேண்டியது இது, மறுபடி இத்தனை மணிக்குச் சொல்வோம். இந்த ஐந்தும் இருந்தால் அது நல்ல அறிவிப்பு. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் அவமானம் ஏதுமில்லை. சொன்னது தவறென்று தெரிந்தால் சொன்ன வாயாலேயே திருத்த வேண்டும்.

நான்காவது, ஒத்திகை. சங்கை ஊதிப் பார்க்காத ஊரில் அது ஊதும்போது, 'ஷிப்டு முடிந்தது போலிருக்கிறது' என்று ஜனங்கள் புரண்டு படுத்துக்கொள்வார்கள்.

சுதந்தர நாட்டின் பிரஜைகளைப் பயந்தாங்கொள்ளிக் குழந்தைகளாக எண்ணி, அவர்கள் உயிரைப் பற்றிய உண்மையை அவர்களிடமிருந்தே ஒளிப்பது பெருங்குற்றம். நம் பக்கத்திலும் கடமை உண்டு. நேயர்களின் ஊரருகே ரசாயனத் தொழிற்சாலை இருந்தால், நாலு பேராகச் சேர்ந்து போய், 'உங்கள் சங்கு எத்தனை முறை ஊதினால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?' என்று கேளுங்கள். கேட்பதற்குச் சட்டம் இடம் தந்திருக்கிறது. பதில் உடனே வந்தால் நிம்மதியாக வீடு திரும்பலாம். பதில் சொல்ல வேண்டியவர் விழித்தால், சங்கு ஊத வேண்டிய முறை அப்போது நம்முடையதாகிறது.