குதிரை வியாபாரிக்கு ஒரு காதலி

ஒரு குதிரையை இந்தியாவில் விற்றால் நல்ல காசு பார்க்கலாம் என்று கணக்குப் போட்டார் அந்த ருஷ்ய வியாபாரி. வோல்கா கரையிலுள்ள திவேர் நகரத்து அஃபனாசி நிகிதின் சௌல் துறைமுகத்தில் வந்திறங்கியது, வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டைத் தொட்ட 1498க்குச் சுமார் கால் நூற்றாண்டு முன்பே. அவரது பயணக் குறிப்புகளிலிருந்து 1957இல் ஒரு காதல் படம் பிறந்தது: பர்தேசி.

மாஸ்கோவின் மோஸ்ஃபிலிமும் குவாஜா அகமது அப்பாஸின் நயா சன்ஸாரும் கூட்டாகத் தயாரித்தன. இயக்கியவர்களும் இருவர்: அப்பாஸ், வாசிலி புரோனின். நேரமும் கனிந்திருந்தது. 1955இல் நேரு மாஸ்கோ போனார். அதே ஆண்டில் குருஷ்சேவும் புல்கானினும் இந்தியா வந்தார்கள். அப்பாஸ் எழுதிய ஆவாரா சோவியத் அரங்குகளில் 1954இல் சக்கைபோடு போட்டு, நர்கீஸை அங்கே பிரபலமாக்கியிருந்தது. எனவே நிகிதினாக ஓலெக் ஸ்திரிஷெனோவ். அவர் மனதைப் பறிகொடுக்கும் சம்பாவாக நர்கீஸ். கூடவே பல்ராஜ் சாஹ்னி, பிருத்விராஜ் கபூர். நாட்டியக்காரி லட்சுமியாக வந்தவர் நம் பத்மினி. ருஷ்ய மொழியிலும் இந்தியிலும் உருவான படம், 1958இல் கான் விழாவில் போட்டியிட்டது.

ஆனால் நிகிதினின் ஏட்டில் சம்பா கிடையாது. இருப்பது வேறு கதை. ஜுன்னாரில் ஆளுநர் அசத் கான் குதிரையைப் பறித்துக்கொண்டு, மதம் மாறினால் குதிரையோடு ஆயிரம் பொற்காசும் தருவதாகச் சொல்கிறார். நிகிதின் தத்தளிக்கிறார். குராசானைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அவருக்காகப் பரிந்து பேசவே குதிரை திரும்பக் கிடைக்கிறது. தன் மத நூல்கள் வழியிலேயே கொள்ளை போய்விட்டதால், ஈஸ்டர் என்றைக்கு வருகிறது என்றுகூடத் தெரியாமல் அந்நிய மண்ணில் தவிக்கிறார். ஏட்டின் முடிவில் வரும் பிரார்த்தனையில் அரபு, பாரசீக, துருக்கிச் சொற்கள் கலந்து கிடக்கின்றன. அவர் மனம் எந்தக் கரையில் நின்றது என்று ஆய்வாளர்கள் பின்னாளில் வாதிட்டார்கள்.

இரு நாட்டு நட்பைக் கொண்டாட வந்த படத்துக்கு இந்தத் தர்மசங்கடத்தைவிடக் காதல் வசதியாக இருந்தது. அதில் பிழை சொல்ல முடியாது. ஒரு பெண்ணின் முகம் இல்லாமல் அந்தத் தனிமையைத் திரையில் காட்டுவது கஷ்டம்.

நிகிதின் திவேருக்குப் போய்ச் சேரவில்லை. ஸ்மோலென்ஸ்கை எட்டும் முன்பே வழியில் இறந்துபோனார். அவரது ஏட்டை மட்டும் வியாபாரிகள் 1475இல் மாஸ்கோவில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.