40 புள்ளி விட்டவர்கள் நல்ல தற்காப்பாளர்களா?

2015 ஜூன் மாதம். அமெரிக்காவில் இரவு 9 மணிக்குத் தொடங்கும் என்பிஏ இறுதிச் சுற்று ஆட்டம் நமக்குக் காலை 9 மணி. வானொலியில் முற்பகல் நிகழ்ச்சிக்கு அப்போதுதான் வந்திருந்தேன். பாட்டு ஓடும் இடைவெளியில் கைப்பேசியில் ஸ்கோர் பார்த்துக்கொள்வேன்.

கிளீவ்லாந்து அணிக்கும் கோல்டன் ஸ்டேட் அணிக்கும் நடந்த மூன்றாவது ஆட்டம் முடிந்ததும் மைக்கில் உற்சாகமாகச் சொன்னேன்: "லெப்ரான் ஜேம்ஸ் 40 புள்ளி! கோல்டன் ஸ்டேட்காரர்கள் தற்காப்பை மறந்துவிட்டார்களா?"

அடுத்த பாட்டு முடிவதற்குள் அண்ணனிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: "எத்தனை ஷாட்டுக்கு 40?"

பார்த்தேன். 34 ஷாட். கூடைக்குள் போனது 14தான்.

அண்ணன் இடைநிலைப்பள்ளிக் கூடைப்பந்துக் குழுவில் ஆடியவர். எதிரணியில் யார் கெட்டிக்காரரோ, அவரை ஒட்டிக்கொண்டே ஓடுவதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. வீட்டுக்கு வந்தால் அப்பா கேட்பது ஒரே கேள்வி: "எத்தனை புள்ளி போட்டே?" சில நாள் இரண்டு, பல நாள் பூஜ்யம். "அப்புறம் எதுக்குப்பா அங்கே போய் ஓடுறே?" என்பார் அப்பா. அண்ணன் பதில் பேசாமல் காலணியைக் கழற்றுவார்.

அன்று மாலை மாமாக் கடையில் தே தாரிக்கை ஓரமாகத் தள்ளிவிட்டு, டிஷ்யூ தாளில் அண்ணன் பாடம் எடுத்தார்.

ஓர் அணி பந்தைக் கையில் எடுத்ததிலிருந்து ஷாட் போட்டோ, பறிகொடுத்தோ எதிரணிக்குப் பந்து போகும் வரை ஒரு 'பந்து வாய்ப்பு'. தற்காப்பை எடைபோட, ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று பார்ப்பதைவிட ஒரு வாய்ப்புக்கு எத்தனை புள்ளி என்று பார்ப்பதே நியாயம். மெதுவாக ஆடும் அணி 90 வாய்ப்பில் 95 புள்ளி விடுகிறது. வேகமாக ஆடும் அணி 105 வாய்ப்பில் 105 விடுகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் முதல் அணிதான் கெட்டி. வகுத்துப் பார்த்தால் அதற்கு 1.06, இரண்டாவது அணிக்கு 1.00. நிஜத்தில் இறுக்கமாகத் தடுத்தது இரண்டாவது அணி.

அந்தத் தொடர் முடிந்ததும் இதே கணக்கை லெப்ரானுக்குப் போட்டோம். ஆறு ஆட்டத்தில் 215 புள்ளி, சராசரி 35.8. மலைக்க வைக்கும் எண்தான். ஆனால் அதற்காக அவர் எடுத்தது 196 ஷாட், அதற்கு மேல் பல ஃப்ரீ த்ரோ. ஃப்ரீ த்ரோ பெரும்பாலும் இரண்டிரண்டாகக் கிடைக்கும், சில நேரம் ஷாட்டோடு ஒன்று கூடுதலாகவும் வரும். அதனால் ஒன்றை 0.44 வாய்ப்பு என்று கணக்கிடுவது வழக்கம். மொத்தம் 220க்கும் மேற்பட்ட வாய்ப்பு. 215ஐ அதனால் வகுத்தால் 1க்கும் குறைவு. அந்தப் பருவத்தில் லீக்கின் சராசரி சுமார் 1.07. லெப்ரானின் சொந்தக் கணக்கே வழக்கமான பருவத்தில் 1.15 அளவில் இருந்தது. ஆக, புள்ளிகள் குவிந்தன, ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் அவர் கொடுத்த விலை கூடிப்போனது.

அந்த விலையை ஏற்றியவர்களில் முக்கியமானவர் ஆண்ட்ரே இகுவடாலா. வழக்கமான பருவம் முழுவதும் மாற்று ஆட்டக்காரராகவே இருந்தவர். நான்காவது ஆட்டத்தில்தான் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் அவரைத் தொடக்க ஐவரில் சேர்த்தார். அன்று லெப்ரான் 22 ஷாட்டில் 7 போட்டு 20 புள்ளியோடு நின்றார். இகுவடாலா களத்தில் இருந்தபோது லெப்ரானின் ஷாட்டுகளில் சுமார் 38 விழுக்காடுதான் உள்ளே போயின. அவர் வெளியே உட்கார்ந்தபோது 44 விழுக்காடு. கோல்டன் ஸ்டேட் 4-2 என வென்றது. சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கான 11 வாக்குகளில் இகுவடாலாவுக்கு 7, லெப்ரானுக்கு 4.

இந்த எண்ணிலும் ஓட்டை உண்டு. இகுவடாலா மட்டும் லெப்ரானைத் தடுக்கவில்லை. ஹாரிசன் பார்ன்ஸ், டிரேமண்ட் கிரீன் போன்றவர்களும் முறை வைத்து நின்றார்கள், பின்னால் நான்கு பேரின் உதவியும் இருந்தது. கிளீவ்லாந்தில் கெவின் லவ் காயத்தால் ஆடவே இல்லை, கைரி இர்விங் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். பாரம் முழுவதும் லெப்ரான் தலையில். ஆறு ஆட்டம் என்பதும் சின்ன அளவுதான். இரண்டு நல்ல நாள் வந்தால் எண் மாறிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பந்தே கைக்கு வராதபடி எதிராளியை மறிப்பதுதான் தற்காப்பின் உச்சம். ஷாட்டே போகாத அந்த வாய்ப்பு இந்தக் கணக்கில் விழுவதே இல்லை. அதனால் எண்ணைப் பார்த்துவிட்டுக் காட்சியையும் பார்க்க வேண்டும்.

அடுத்த நாள் மைக்கில் நான் சொன்னது தவறென்று நானே சொல்லித் திருத்திக்கொண்டேன். ஆனால் என் மனத்தில் நிற்பது முந்தைய மாலையில் மாமாக் கடையில் நடந்த வேறொன்று. எங்களோடு வந்திருந்த அப்பா, ரொட்டி சானாயைப் பிய்த்தபடி டிஷ்யூ தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அண்ணனிடம் கேட்டார்: "அப்போ... ஸ்கூல்ல நீ பிடிச்சுக்கிட்டு நின்ன பையன்லாம் எத்தனை போடுவான்?"

அண்ணன் சிரித்தார். "அதை யாரும் எழுதி வைக்கலப்பா."

உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஆட்டம் முடிந்து வியர்வையோடு வந்து நிற்கலாம். "எத்தனை போட்டே?" என்று கேளுங்கள், தப்பில்லை. அதோடு நிறுத்திவிடாமல், "இன்னிக்கு யாரைப் பிடிச்சே? அவன் எத்தனை தடவை போட்டான், எத்தனை உள்ளே போச்சு?" என்றும் கேட்டுப் பாருங்கள். பிள்ளை காலணியைக் கழற்றிக்கொண்டே கதை சொல்ல ஆரம்பிக்கும்.