வெள்ளைப் புள்ளி எங்கே போனது?

கொக்குவிலில் என் தமையன் வீட்டில் கடல்மீன் தொட்டி ஒன்று இருக்கிறது. 200 லீற்றர் கொள்ளும். அதற்குள் இரண்டு கோமாளி மீன்கள், ஒரு இறால், நாலைந்து பவளக் கற்கள். போன மாதம் புதிதாக ஒரு மீனை வாங்கி, நேரே அதற்குள் விட்டுவிட்டார்கள். பத்து நாள் கழிய, விடியக்காலையிலேயே மருமகன் தொலைபேசி எடுத்தான். அவனுக்கு 11 வயது.

"மாமி, மீனுக்கு மேல ஆரோ உப்புத் தூவின மாதிரிக் கிடக்கு!"

பின்னேரம் போய் ரோச் லைற்றைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தோம். ஒரு கோமாளி மீனின் செட்டைகளில் ஏழு புள்ளி, உடம்பில் நாலு. ஒவ்வொன்றும் அரை மில்லிமீற்றர் இருந்தால் அதிகம். மீன் கல்லில் உடம்பை உரசி உரசித் திரும்பியது. நுளம்பு கடித்த இடத்தை நாங்கள் சொறிவதில்லையா, அப்படி.

நாலாம் நாள் அவனே திரும்பவும் எடுத்தான். குரலில் ஒரே சந்தோசம். "புள்ளி எல்லாம் போட்டுது மாமி, சுகம் வந்திட்டுது!"

"எங்கை போனது?" என்று கேட்டேன். பதில் இல்லை. பிள்ளைகளே, இந்த நோயின் கதை முழுவதும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

அந்தப் புள்ளி ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் உயிர் இருக்கிறது. ஒரே ஒரு கலத்தால் ஆன ஒட்டுண்ணி. 1937இல் யப்பானில் சிகாமா என்பவர் இதைப் பற்றி எழுதினார். 1951இல் பிரவுண் என்ற ஆய்வாளர் கிரிப்டோகாரியன் இரிட்டன்ஸ் என்று பெயர் வைத்தார். இது மீனின் தோலுக்கு மேல் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, தோலுக்குள்ளேயே புகுந்துவிடும். ஆகையால் தண்ணீரில் போடும் மருந்து அதைத் தொடாது. மூன்று முதல் ஏழு நாள் அங்கேயிருந்து தின்று கொழுத்துவிட்டு, பெரும்பாலும் இருட்டு வேளையில் மீனை விட்டு இறங்கும். நம் கண்ணுக்குப் புள்ளி மறைவது அப்போதுதான்.

இறங்கியது சாகவில்லை. தொட்டியின் அடியிலோ கல்லிலோ ஒட்டி, தன்னைச் சுற்றிக் கெட்டியான கூடு ஒன்றைக் கட்டிக்கொள்ளும். உள்ளே ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, 200 குஞ்சு வரை பெருகும். கூட்டுக்குள்ளும் மருந்து போகாது. கூடு உடைய மிகக் குறைந்தது மூன்று நாள் செல்லும். சில கூடுகள் 72 நாள் வரைகூடக் கிடந்திருக்கின்றன. வெளியே வந்த குஞ்சு ஒன்றிரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடும்.

மருமகன் கொப்பியில் பெருக்கிப் பார்த்தான். 11 புள்ளி, 200 குஞ்சு, 2200. கடலில் இந்த 2200இல் மீனைக் கண்டுபிடிப்பது ஒரு சில. 200 லீற்றர்த் தொட்டியில் மீன் எங்கே ஓடும்? அடுத்த கிழமை மூன்று மீனும் மாவில் புரட்டியது போல ஆகிவிட்டன.

அப்போது தொடங்கிய வைத்தியத்தில் மருந்தே இல்லை, கணக்கு மட்டும்தான். இரண்டு வாளி, காற்றுக் குமிழி விடும் சிறு பம்பு, மீன் ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பிவிசி குழாய். முதல் நாள் மூன்று மீனையும் முதல் வாளியில் விட்டோம். கூடு உடைய மூன்று நாள் வேண்டுமல்லவா? அதற்குள் மீனை இரண்டாவது வாளிக்கு மாற்றினோம். மீனிலிருந்து இறங்கியதெல்லாம் பழைய வாளியோடு போய்விட்டது. அந்த வாளியைக் கழுவி, வெயிலில் ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்தோம். காய்ந்தால் கூடும் சாகும், எங்கள் ஊர் வெயிலுக்கு அது பெரிய வேலையா? 4ஆம், 7ஆம், 10ஆம் நாள்களில் வாளி மாற்றம், 13ஆம் நாள் புதிதாகக் கழுவிய ஒரு சின்னத் தொட்டி. ஒவ்வொரு முறையும் புதுக் கடல்நீர், அதே உப்பு, அதே சூடு. வாளியில் மீனின் கழிவு கெதியாகச் சேரும் என்பதால் தீனியைக் குறைத்தோம்.

பெரிய தொட்டியில் இப்போது மீன் இல்லை. இறாலும் பவளமும் மட்டும். அவற்றில் இந்த ஒட்டுண்ணி வாழாது. 76 நாள் அப்படியே விட்டால், கடைசிக் கூடும் உடைந்து, குஞ்சுகள் மீனைக் காணாமல் முடிந்துவிடும். மருமகன் கலண்டரில் ஒவ்வொரு நாளாக வெட்டிக்கொண்டு வருகிறான்.

செம்பு மருந்தாலும் நீந்தும் குஞ்சுகளைக் கொல்லலாம். ஆனால் அது இறாலையும் பவளத்தையும் சேர்த்துக் கொல்லும். சுண்ணாம்புக் கல் செம்பை இழுத்துக்கொள்வதால் தண்ணீரில் அளவும் நிற்காது. உப்பைக் குறைப்பது இன்னொரு வழி. லீற்றருக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீரை மெல்ல மெல்ல 15 கிராமளவுக்கு இறக்கினால் ஒட்டுண்ணி தாங்காது, மீன் தாங்கும். மீனின் இரத்தத்தில் உப்பு கடலில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான். இரண்டும் அளவுகருவி வைத்துப் பெரியவர்கள் செய்ய வேண்டியவை.

உங்கள் வீட்டில் கப்பி மீன் வளர்த்தால், அதற்கும் வெள்ளைப் புள்ளி வருமே என்பீர்கள். வரும். நன்னீரில் அதைச் செய்வது வேறொரு உயிர், நெருங்கிய சொந்தமும் இல்லை. நன்னீருக்கு உதவும் கறியுப்பு வைத்தியத்தைக் கடல்மீனுக்குச் செய்து பார்க்காதீர்கள். இறால் பண்ணைகளை அழிக்கும் வெண்புள்ளி நோயும் வேறு, அது வைரஸ்.

புது மீன் வாங்கினால் 30 நாள் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். அந்த ஒரு மாதத்தை விட்டதால்தான் என் மருமகனுக்கு இவ்வளவு பாடும்.

இன்னொன்று. வாளி மாற்றும்போது மிஞ்சும் உப்புத் தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். மருந்து போட்ட தண்ணீர் என்றால் வளவில் எங்குமே ஊற்றக்கூடாது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்புக் கல்லின் மேல்தான் எங்கள் யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் இருக்கிறது. அதன் வெடிப்புகளால் இறங்குவது நேரே கிணற்றுக்குத்தான் வரும். எங்களில் பலர் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.